கோபியாபோவா சினேரியா: அட்டகாமாவின் சாம்பல் கள்ளி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வடக்குக் கடலோரத்தில் மட்டும் தானாக வளரும் கள்ளி இது. உடம்பு சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கும், முட்கள் கருத்திருக்கும். சேகரிப்பவர்கள் இதன் மேல் பித்தாக இருப்பதற்கும், காட்டில் இதன் எண்ணிக்கை சரிவதற்கும் அந்த அழகே காரணம். தமிழ்நாட்டில் மொட்டை மாடியில் கள்ளி வளர்ப்பவர்களும், இந்தச் செடியின் சொந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

பெயருக்கு என்ன பொருள்?

சிலியில் உள்ள கோபியாப்போ என்ற ஊரின் பெயரிலிருந்து பேரினத்துக்குக் கோபியாபோவா என்று பெயர் வந்தது. சினேரியா என்றால் லத்தீனில் சாம்பல் நிறம். 1853–54-இல் வட சிலியின் அட்டகாமா பாலைவனத்தைக் கடந்து சென்ற ருடால்ஃப் ஃபிலிப்பி என்ற தாவரவியலாளர் 1860-இல் இதை விவரித்து வெளியிட்டார். அப்போது இதை எக்கினோகாக்டஸ் பேரினத்தில் வைத்தார்கள். 1922-இல் நதானியேல் பிரிட்டனும் ஜோசஃப் ரோஸும் கோபியாபோவாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

கடைகளில் ‘கொலும்னா-ஆல்பா’, ‘ஹாசெல்டோனியானா’ என்ற பெயர்ச்சீட்டுகளும் கண்ணில் படும். ஒரு தரப்பு இவற்றைச் சினேரியாவின் உள்ளினங்கள் என்கிறது, இன்னொரு தரப்பு தனி இனங்கள் என்கிறது. வளர்க்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் அந்தச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

நம் ஊர்ச் சதுரக்கள்ளி, திருகுகள்ளிக்கு இது உறவா?

இல்லை. தமிழில் எல்லாவற்றையும் கள்ளி என்கிறோம், குழப்பம் அதனால்தான். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா குடும்பம். கீறினால் பால் வடியும். காக்டஸ் குடும்பத்தில் முட்கள் பஞ்சு போன்ற ஒரு சிறு மெத்தையிலிருந்து கிளம்பும், கோபியாபோவாவைக் கீறினால் நிறமற்ற பிசுபிசுப்பான சாறு வரும். காக்டஸ் குடும்பம் முழுக்கவே அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். ரிப்சாலிஸ் பாசிஃபெரா என்ற தொங்குகள்ளி மட்டும் விதிவிலக்கு: அது ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாக வளர்கிறது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிகூடக் கப்பலேறி வந்ததுதான்.

சிலியின் டால்டால் துறைமுகத்துக்குப் பக்கத்து மலைச்சரிவுகளில் கோபியாபோவாவுக்கு அருகிலேயே யூஃபோர்பியா லாக்டிஃபுளுவா என்ற பால்செடிப் புதர் வளர்கிறது. நம் கள்ளிக்கு அங்கே ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது சரியாக எங்கே வளர்கிறது?

அன்டோஃபகஸ்டா மாகாணத்தின் தெற்கில் டால்டால் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடலோர மலைகளிலும் வறண்ட ஓடைப் படுகைகளிலும். அங்கிருந்து தெற்கே போனால் பான் தெ அசூகார் தேசியப் பூங்கா வருகிறது. அதை ஒட்டிய சமவெளிகளில் கொலும்னா-ஆல்பா ஆயிரக்கணக்கில் நிற்கிறது, நட்டுவைத்த வெள்ளைக் கம்பங்கள்போல. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போவதற்குள் செடிகள் அருகிவிடும். பனிமூட்டம் எட்டாத உட்புறத்தில் இந்த இனமே கிடையாது.

மண் என்று சொல்வதைவிடக் கல் என்றே சொல்லலாம். உடைந்த கிரானைட் சில்லு, பருமணல், பாறை இடுக்கு. இலைமட்கு ஏறக்குறைய இல்லை.

பாலைவனம்தானே, கடும் வெயில் இருக்குமே?

இந்தச் செடியைக் கொல்லும் தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. நமக்குப் பாலை என்றால் கொதிக்கும் நிலம். அட்டகாமாவின் கடலோரம் அப்படி இல்லை, அது குளிர்ந்த பாலைவனம். அண்டார்க்டிக் பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைச் சில்லென்று வைத்திருக்கிறது. அதன் மேல் படும் காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. ஈரம் மேலே எழும்பி மழை மேகமாக முடியாமல், தாழ்வான மேகப் போர்வையாகக் கடலோர மலைகளில் மோதுகிறது. இந்தப் பனிமூட்டத்தை அங்குள்ளவர்கள் கமாஞ்சாகா என்கிறார்கள்.

கோடையிலும் பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். குளிர்கால இரவில் 10 டிகிரி அளவுக்கு இறங்கும். மழையோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில பத்து மில்லிமீட்டர் வரை. ஒரு சொட்டும் விழாத ஆண்டுகளும் உண்டு. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்வது சுமார் 1,400 மி.மீ. ஆக, இந்தச் செடி பழகியிருப்பது வறட்சிக்கு, சூட்டுக்கு அல்ல. கீழே வளர்ப்பு பற்றிச் சொல்வதெல்லாம் இந்த வேறுபாட்டை ஒட்டியதுதான்.

மழையே இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது?

பனிமூட்டம் முள்ளிலும் உடம்பிலும் பக்கத்துக் கற்களிலும் படிந்து, துளியாகி, அடியில் சொட்டுகிறது. மேல்மண்ணில் பரவிக் கிடக்கும் மெல்லிய வேர்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும் முறையும் இதற்கு உண்டு. நீர் இழப்பு வெகுவாகக் குறையும். உடம்பின் மேலுள்ள வெண்மெழுகு வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு நீரையும் அடைத்துவைக்கிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீன்யோ ஆண்டுகளில் எப்போதாவது உண்மையான மழை வந்தால் சுருங்கிக் கிடந்த உடம்பு உப்பும், விதைகள் முளைக்கும். அடுத்த நல்ல மழை வர எத்தனையோ ஆண்டு ஆகும். முளைத்தவற்றில் பெரும்பாலானவை அதற்குள் காய்ந்துவிடும்.

எல்லாச் செடிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் படங்களைப் பார்த்தோம். காற்றா?

காற்று இல்லை, சூரியன். டால்டால் மகர ரேகைக்கும் தெற்கே இருக்கிறது. அதனால் ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் அங்கே வடக்குப் பக்கமே நிற்கும். செடிகள், குறிப்பாகக் கொலும்னா-ஆல்பா, வடக்கு நோக்கிச் சாய்கின்றன. இதை அளந்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-இல் வெளியானது. சாய்வதால் இரண்டு நன்மைகள். உச்சி நேர் வெயிலை வாங்கிச் சுற்றுக் காற்றைவிட நன்றாகச் சூடேறுகிறது. மொட்டும் வளர்நுனியும் இருப்பது அங்கேதான், குளிர்ந்த பனிமூட்டக் காலத்தில் பூக்க அந்தச் சூடு வேண்டும். அதே நேரம் பக்கவாட்டு உடம்பு கதிர்களுக்கு இணையாகப் படுத்திருப்பதால் அங்கே வெயில் குறைவாக விழுகிறது.

தமிழ்நாட்டுத் தொட்டியில் இந்தச் சாய்வை வரவழைக்க முயல வேண்டாம். இங்கே செடி சாய்ந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் வெளிச்சம் போதவில்லை என்றே பொருள்.

என் செடி பச்சையாகவே இருக்கிறதே. போலியா?

இல்லை. தொட்டியில் வளரும் சினேரியா இளம் வயதில் பச்சை கலந்த பழுப்பாகத்தான் இருக்கும். அதிகத் தண்ணீரும் உரமும் கொடுத்து வேகமாக ஊத வைத்தால் மெழுகு பரவலாக நீர்த்துப்போகும். வெளிச்சம் கூடி, தண்ணீர் குறைந்து, வளர்ச்சி மெதுவானால் வெண்மை தானாக ஏறும். அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மெழுகைக் கிட்டத்தில் பாருங்கள். விரல் நுனியால் ஒருமுறை தொட்டால் திருநீறு பூசிய சுவரில் கை வைத்ததுபோல் தடம் விழும். அந்த இடத்தில் மெழுகு மறுபடி வராது, ஏனென்றால் உச்சியில் புதிதாக வளரும் திசு மட்டுமே மெழுகை உண்டாக்கும். தடம் மெல்லக் கீழிறங்கும், அழியாது. ஆகவே தொட்டி மாற்றும்போது உடம்பைப் பிடிக்காமல், முட்களை ஒட்டி மடித்த செய்தித்தாள் பட்டையைச் சுற்றித் தூக்குங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல், சோப்புத் தண்ணீர், ஸ்பிரிட் மூன்றுமே இந்த மெழுகைக் கரைக்கும். மற்ற செடிகளுக்கு வாராவாரம் வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் அந்த நேரத்தில் இதை ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு காய்ந்து படிந்ததை மெழுகு என்று நினைத்து மகிழ்பவர்கள் பலர். உப்புப் படிவு சொட்டு வழிந்த கோடாக, வட்டமாக, சொரசொரப்பாக இருக்கும். மெழுகு சீராக, வளர்நுனிவரை ஒரே தன்மையாக இருக்கும்.

மண்கலவை என்ன?

கல் பங்கு 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் இப்படி: 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) 5 பங்கு, அதே அளவு கிரானைட் சில்லு அல்லது செங்கல் சில்லு 3 பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கு 1 பங்கு. பியூமிஸ் கிடைக்காவிட்டால் பெருந்துகள் பெர்லைட் போடலாம். எடை குறைவு என்பதால் மேலே மிதந்து வரும், அதற்கு ஒரு விரற்கடை சரளைக்கல் பரப்பிவிடுங்கள்.

எதைப் போட்டாலும் 2 மி.மீ. சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிட்டு, தண்ணீரில் அலசுங்கள். எம்-சாண்டை அப்படியே போடுவது பெரிய தவறு. அதிலுள்ள பொடி ஆறு மாதத்தில் அடியில் இறங்கிச் சிமென்ட்போல் கெட்டிப்பட்டு, வடிகால் துளையை அடைத்துவிடும். தேங்காய்நார்த் தூளும் பெரிய செடிக்கு வேண்டாம். வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே வேர்ப்பந்தில் ஈரம் பத்து நாள் நிற்கும்.

தொட்டி, செடியின் அகலத்தைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். தரையோரம் சூடேறும் மாடிகளில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி நல்லது. பக்கவாட்டில் ஈரம் ஆவியாகி வேரைக் குளிர வைக்கும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

நாள் கணக்கைவிட எடைக் கணக்கு நம்பகமானது. நன்றாகக் காய்ந்த தொட்டியைச் சமையல் தராசில் நிறுத்து எடையைத் தொட்டியிலேயே எழுதுங்கள். தண்ணீர் விட்டபின் எடை மறுபடி அந்த அளவுக்கு இறங்கியதும் ஐந்து நாள் கழித்து அடுத்த தண்ணீர். விடும்போது அடியில் வடியும்வரை, மாலையில், உடம்பில் படாமல் விளிம்போரமாக விடுங்கள். மழைநீர் சேமித்திருந்தால் அதுவே முதல் தேர்வு.

சமவெளியில் ஆண்டு ஓட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவு குளிரும்போது செடி வளரும். 12–15 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தாங்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் இதே காலத்தின் முற்பகுதியில்தான், அதனால் மேலே ஒளிபுகும் கூரை கட்டாயம். மார்ச்சில் இடைவெளியைக் கூட்டுங்கள். ஏப்ரல், மே, ஜூன் ஓய்வுக் காலம். மாதம் ஒருமுறை மாலையில் அரை டம்ளர் போதும். இரவு வெப்பம் 27–28 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது இரவில் துளை திறந்து மூச்சுவிடும் செடி தொழிலை நிறுத்திவிடுகிறது. குடிக்காத செடிக்கு ஊற்றிய தண்ணீர் மண்ணில் சூடாகி வேரை அழுகவைக்கும். மே மாதம் உடம்பு கொஞ்சம் சுருங்கியிருந்தால் பதறாதீர்கள். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் சென்னையிலும் மதுரையிலும் இந்தச் செடிகள் சாகும் வழக்கமான வழி.

ஓசூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இரவுக் குளிர் கைகொடுக்கும். அவர்கள் கவலைப்பட வேண்டியது மழை ஈரத்தைப் பற்றித்தான்.

பனிமூட்டத்தில் வாழும் செடி என்றால் தினமும் ஸ்ப்ரே செய்யலாமா?

வேண்டாம். அங்கே பனிமூட்டம் காற்றோடு வருகிறது, குளிரில் வருகிறது, வெயில் ஏறியதும் உலர்ந்துவிடுகிறது. நம் மாடியில் சூடான, அசையாத காற்றில் தெளித்தால் உச்சியிலுள்ள பஞ்சில் ஈரம் தங்கி, அழுகல் நடுவிலிருந்து கிளம்பும். உப்புக்கறை வேறு.

எவ்வளவு வெயில்?

காலை வெயில் நான்கு மணி நேரம் நேரடியாக, அதன்பின் 50 விழுக்காடு நிழல்வலைக்குக் கீழ். மேற்கு வெயில் படும் சுவரோரம் வேண்டவே வேண்டாம். நர்சரி நிழலிலிருந்து புதிதாக வந்த செடியை மூன்று வாரம் வலைக்குள் வைத்துப் பழக்கிய பிறகே வெளியே வையுங்கள். வெயில் சுட்ட இடம் முதலில் மஞ்சளாகி, பிறகு அட்டைபோல் பழுப்பாகும். அது ஆறாத வடு.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

இந்த இனத்தைப் பெற நேர்மையான, மலிவான வழி இதுதான். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் தொடங்குங்கள். ஓட்டலில் பார்சல் தரும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், அடியில் சூடான ஊசியால் ஏழெட்டுத் துளை போடுங்கள். 1–3 மி.மீ. பியூமிஸ் அல்லது பெர்லைட் 3 பங்கு, சலித்த தேங்காய்நார்த் தூள் 1 பங்கு கலந்து, ஈரமாக்கி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். நாற்றுக்கு மட்டும் நார்த் தூள் சரி, ஏனென்றால் முளைக்கும்போது ஈரம் விட்டுப்போகக் கூடாது.

கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து, டப்பாவை அதில் அடியிலிருந்து ஊறவிட்டு வடியுங்கள். விதை கறுப்பாக, பளபளப்பாக, கடுகைவிடச் சிறிதாக இருக்கும். ஒரு டப்பாவுக்கு 20–25 விதைகளை மேலே தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், 20–26 டிகிரியில் வையுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பச்சை உருண்டைகள் தெரியும்.

ஆறு முதல் எட்டு வாரம் மூடி திறக்க வேண்டாம். பிறகு முதல் வாரம் கால் பங்கு, அடுத்த வாரம் பாதி என்று திறந்து காற்றுக்குப் பழக்குங்கள். அவசரப்பட்டு முழுதாகத் திறந்தால் இரண்டே நாளில் சுருண்டுவிடும். அதிக நாள் மூடியே வைத்தால் பாசி பிடித்து நாற்றை மூடிவிடும், அடி கண்ணாடிபோலாகிச் சாயும். சாய்ந்ததை உடனே இடுக்கியால் எடுத்து எறியுங்கள், பக்கத்தில் உள்ளதற்கும் பரவும். ஒரு வயதில் நாற்று மிளகு அளவுக்குச் சற்று மேல். பூவுக்குப் பத்து ஆண்டுகூட ஆகலாம்.

ஒட்டுக் கட்டினால் வேகமாக வளருமே?

வளரும். டிராகன் பழக் கொடியிலோ மிர்டில்லோகாக்டஸ் என்ற கள்ளியிலோ ஒட்டினால் சில மடங்கு வேகம். ஆனால் கழுத்து தடித்து, பச்சையாக, முள் மெலிந்து, சினேரியா என்றே சொல்ல முடியாதபடி ஆகிவிடும். வேர் முழுக்க அழுகிய செடியின் உச்சியைக் காப்பாற்ற மட்டும் இதைச் செய்யலாம் என்பது எங்கள் எண்ணம்.

அடி மெத்தென்று ஆகிவிட்டது. என்ன செய்வது?

அன்றே செடியை வெளியே எடுங்கள். சுத்தமான கத்தியால் அடியிலிருந்து மெல்லிய வட்டங்களாக வெட்டிக்கொண்டே மேலே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து. வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளியோ ஆரஞ்சு நிற வளையமோ துளிகூட இல்லாதவரை வெட்ட வேண்டும். நடுவிலுள்ள, நீர் கடத்தும் நாள வளையத்தில் ஒரு சிறு கறை மிஞ்சினாலும் அழுகல் திரும்பும். கந்தகத் தூள் தடவி, காற்றோட்டமான நிழலில் மூன்று வாரம் உலர்த்தி, காய்ந்த பியூமிஸ் மேல் உட்காரவையுங்கள். வேர் வர இரண்டு மாதம்கூட ஆகலாம், அதுவரை தண்ணீர் கிடையாது.

அழுகலே இல்லாமல் செடி மாதக்கணக்கில் சுருங்கியே இருந்தால் வேரைப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுக்க உதறி, வேரை மட்டும் கழுவி, லிட்டருக்கு அரை மில்லி இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்ற பூச்சிமருந்து கலந்த நீரில் வேரை நனைத்து எடுத்து, ஒரு வாரம் உலர்த்திப் புது மண்ணில் நடுங்கள். கையுறை அவசியம்.

இணையத்தில் வெள்ளை வெளேரென்ற பெரிய செடி விற்கிறார்கள். வாங்கலாமா?

பெரும்பாலும் கூடாது. 2020-இல் இத்தாலியின் செனிகாலியா நகரில் ஒரு வீட்டில் போலீசார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைக் கைப்பற்றினார்கள். பெரும்பாலும் சிலியிலிருந்து பிடுங்கி வந்த கோபியாபோவாக்கள். கள்ளச்சந்தையில் அவற்றின் மதிப்பு பத்து லட்சம் டாலருக்கும் மேல். 2021-இல் 844 செடிகள் சிலிக்குத் திரும்ப அனுப்பப்பட்டன. திரும்பியவற்றையும் உடனே மலையில் நட முடியாது, வெளிநாட்டு நோய்க்கிருமி கூடவே போகக்கூடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கோபியாபோவா இனங்களில் 82 விழுக்காடு அழிவின் ஆபத்தில் உள்ளன. 2013-இல் அது 55 விழுக்காடு. சமூக ஊடகங்கள் வழி நடக்கும் திருட்டு வியாபாரமும் மாறிவரும் தட்பவெப்பமும் முக்கியக் காரணங்கள்.

படத்தை வைத்தே பல நேரம் கண்டுபிடிக்கலாம். காட்டுச் செடியின் அடிப்பகுதி மரப்பட்டைபோல் கருத்துத் தழும்பேறியிருக்கும், பழைய முட்கள் மணல் தேய்த்து முனை மழுங்கியிருக்கும், உருவம் ஒரு பக்கம் கோணியிருக்கும். வேர் கிட்டத்தட்ட இல்லாமலோ, வெட்டிய முண்டில் புதிதாக நாலு வெள்ளை வேர் மட்டும் விட்டோ இருக்கும். நர்சரிச் செடி உருண்டையாக, முள் முனை கூர்மையாக, அடிவரை ஒரே சீராக இருக்கும். 20 செ.மீ. அகலச் செடி விதையிலிருந்து வளர்ந்தது என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டு விதைத்தது, இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்த படம் எங்கே என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

ஒருசில பேரினங்கள் தவிர்த்துக் காக்டஸ் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலாவது இருக்கிறது. கோபியாபோவா அந்தப் பட்டியலில்தான். சிலியும் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள். உயிர்ச்செடி எல்லை தாண்ட ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதி, தாவர நலச் சான்று, இந்தியாவின் இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும். மெக்சிகோவிலிருந்து வரும் காக்டஸ் விதைகளுக்கு மட்டுமே சைட்டிஸ் கட்டுப்பாடு. இரண்டாம் பட்டியல் இனங்களின் மற்ற விதைகளுக்கு அது இல்லை. ஆனால் தாவரத் தொற்றுத்தடுப்பு விதி விதைக்கும் உண்டு. ‘பொம்மை’ என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் பெயரும் முகவரியும் உங்களுடையதாக இருக்கும்.

பூ எப்படி இருக்கும்? ஒரே செடியில் விதை எடுக்கலாமா?

உச்சிப் பஞ்சின் நடுவிலிருந்து மஞ்சள் பூ, இரண்டரை முதல் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், பகலில் விரியும். பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது. வேறு வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் நண்பகலில் மகரந்தத்தை மாற்றித் தடவுங்கள். ஒரே செடியிலிருந்து பிரித்த இரண்டு கன்றுகள் இதற்கு உதவாது. காய் பஞ்சுக்குள்ளேயே புதைந்து முற்றும். முற்றியதும் உச்சி திறந்து விதை தெரியும், அப்போதே எடுத்துவிடுங்கள். விட்டால் எறும்பு முந்திக்கொள்ளும்.